உரிமையாளர் வசந்தாமணி

ஜூன் 5, வியாழன்

வெறும் வயிற்றில் சர்க்கரை 171. காலை: இரண்டு தோசை, தக்காளிச் சட்னி. நடந்தது: இல்லை.

கால் மரத்துப்போகிறது என்று டாக்டரிடம் போனதற்கு, ஒரு நோட்டு வாங்கித் தினமும் எழுதச் சொல்லிவிட்டார். சாப்பிட்டது, நடந்தது, மனதில் ஓடுவது, எல்லாம் வேண்டுமாம். ஐம்பத்தெட்டு வயதில் ஈரோட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு மனதில் என்ன ஓடும்? சீரியல்தான் ஓடுகிறது, அதுவும் டிவியில்.

என் மனைவி வசந்தாமணிக்குச் சம்பளம் ஏறிவிட்டதாகச் செய்தி வந்ததாம். ஏடிஎம்மில் மூன்று முறை போட்டும் பணம் வரவில்லை. "கார்டு கெட்டுப்போச்சோ என்னமோ தெரியலீங்க, நாளைக்குப் பேங்குக்கே போயிட்டு வந்தர்றேன்" என்றாள். சூரம்பட்டி அங்கன்வாடியில் பத்தொன்பது வருடமாக வேலை. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவளுக்கு அங்கே இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஜூன் 6, வெள்ளி

சர்க்கரை 180. காலை: உப்புமா. மதியம் சாப்பிடவில்லை.

கார்டு நன்றாகத்தான் இருக்கிறதாம். கணக்கைத்தான் முடக்கிவிட்டார்கள். வரித்துறையிலிருந்து பேங்குக்கு வந்த கடிதத்தின் நகலைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். வசந்தாமணி டிரேடர்ஸ், உரிமையாளர் வசந்தாமணி. செலுத்தாத வரி, வட்டி, அபராதம் மூன்றும் சேர்த்து ஒரு கோடியே ஏழு லட்சம்.

"ஏனுங்க, நான் முட்டைக் கணக்கும் சத்துமாவுக் கணக்கும் எழுதறவ. எனக்கெதுக்குங்க வரி?"

நம் பஞ்சுக் கம்பெனியை மூடி நான்கு வருடம் ஆகிறது, ஏதோ பழைய கணக்கில் குழப்பம் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். சரி என்று தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

ஜூன் 7, சனி

சர்க்கரை 166. நடந்தது: காலிங்கராயன் வாய்க்கால் வரை. பழைய பட்டன் போன் ஒன்று மேசை இழுப்பறையில் வேண்டாமல் கிடந்தது. சிம்மைக் கழற்றி வாய்க்காலில் போட்டேன். வரும் வழியில் கீரை வாங்கினேன்.

ஜூன் 9, திங்கள்

அங்கன்வாடிக்கு வரும் ஒரு குழந்தையின் அம்மா வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாம். அவள் மூலமாக வக்கீலைப் பிடித்தது வசந்தாமணிதான். என்னைக் கேட்கவில்லை. வக்கீல் பெயர் ஜெயக்கொடி. பெண்மணி, நாற்பது வயதிருக்கும், வரி வழக்குகள் மட்டும்தான் எடுப்பாராம். மேசைமேல் ஒரு தூசு இல்லை.

"கம்பெனில என்னக்கா வியாபாரம்?" என்று வசந்தாமணியைக் கேட்டார்.

"கழிவுப் பஞ்சுங்க, நூலுங்க," என்றேன்.

"சார், அவங்க சொல்லட்டும்."

வசந்தாமணி சொன்னாள். "பஞ்சு யாவாரம்னு தெரியுமுங்க. குடோனுக்கு ஆயுத பூசைக்கு ஒருக்காப் போயி பொட்டு வெச்சுட்டு வந்தனுங்க. அவ்வளவுதான்."

கம்பெனி ஏன் அவள் பெயரில் என்று கேட்டார். இங்கே எல்லோரும் வீட்டுக்காரி பெயரில்தான் வைப்பார்கள், ராசி என்றேன். உண்மைதான். வேண்டுமானால் எங்கள் தெருவில் பெயர்ப் பலகைகளை எண்ணிப் பார்க்கலாம். என் பெயரில் பழைய பேங்க் கடன் ஒன்று நின்றிருந்ததை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"நோட்டீஸ் எதுவும் வந்துச்சா?"

"எதுவுமே வரலீங்க," என்றேன். வசந்தாமணியும் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

வழக்கை ஒப்படைக்கும் தாளில் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் எழுதினாள். குழந்தைகளுக்குப் பலகையில் எழுதிக் காட்டுகிற மாதிரிதான் எதையும் எழுதுவாள். வக்கீல் கம்பெனியின் பழைய செக் நகல் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் ஒரே இழுப்பில் ஆங்கிலக் கையெழுத்து, கீழே ஒரு கோடு. இரண்டையும் சற்று நேரம் பார்த்துவிட்டு ஃபைலில் வைத்து மூடினார். வயதானால் கையெழுத்து மாறும்.

ஜூன் 10, செவ்வாய்

சர்க்கரை 190. மழை இல்லை. ஒன்றும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

வசந்தாமணி வரி அலுவலகத்தில் ஆதாரைக் காட்டி, கம்பெனிக்குக் கொடுத்திருந்த போன் நம்பரைத் தன் நம்பராக மாற்றிவிட்டாள். இனி இணையத்தில் உள்ளதெல்லாம் வக்கீல் பார்க்கலாம். வரி விதித்த உத்தரவு நாற்பத்தோரு பக்கம். வக்கீல் வாசித்தார்.

ஈரோட்டிலிருந்து ராஜபாளையத்துக்குப் பதினெட்டு டன் கழிவுப் பஞ்சு போனதாகப் பில் இருக்கிறது. அதில் போட்டிருக்கும் லாரி எண்ணை அதிகாரிகள் பதிவு அலுவலகத்தில் விசாரித்திருக்கிறார்கள். அது ஒரு ஸ்கூட்டி. குமாஸ்தாப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். வசந்தாமணி சிரிக்கவில்லை. "பதினெட்டு டன்னுன்னா எத்தனை மூட்டைங்க?" என்று கேட்டாள்.

அந்த எண் தவறுதலாக ஏறிவிட்டது. அது ஒன்றுதான் பிழை. மற்றபடி அந்தக் கம்பெனியின் பில்களில் எடை, தேதி, வண்டி, டிரைவர் பெயர் எதிலும் ஒரு புள்ளி மாறியிருக்காது. பில் போடுவதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் இருந்ததில்லை. இதை அங்கே சொல்லவில்லை.

"சார், சரக்கு போச்சா?" என்றார் வக்கீல்.

"பில்லு போச்சுங்க."

"சரக்கு?"

மேலே ஓடாத மின்விசிறி ஒன்று தொங்கியது. ஒரு இறக்கையில் மட்டும் ஒட்டடை.

வக்கீல் வசந்தாமணி பக்கம் திரும்பி நிதானமாக விளக்கினார். சரக்கே வாங்காமல் சரக்கு வாங்கியதாகப் பில் வைத்திருப்பவன் தன் வரியைக் குறைத்துக்கொள்ளலாம். அந்தப் பில்லைக் கொடுப்பவனுக்குக் கமிஷன். மாட்டினால் மொத்த வரியும் பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவர் தலையில். "பில் பூரா உங்க பேர்லதான் இருக்குதுக்கா." வசந்தாமணி கைப்பையைத் திறந்து, உள்ளே எதையோ பார்த்துவிட்டு, மூடினாள்.

வரும் வழியில் கேட்டாள். "என்ன கமிஷனுங்க?"

நூல் வியாபாரம் படுத்துவிட்ட நேரம், இரண்டு வருடம் அப்படி ஓட்டவேண்டியதாகிவிட்டது, எல்லோரும் செய்தார்கள் என்றேன். இரவு கொள்ளுப் பருப்புக் கடைந்திருந்தாள். நன்றாக இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

சர்க்கரை 202. டாக்டருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டப்போவதில்லை.

காலையில் வக்கீல் போன் செய்து இருவரையும் வரச் சொன்னார். நோட்டீஸ் போன வருடம் பிப்ரவரியில் இணையத்தில் ஏறியிருக்கிறது. அந்த நாற்பத்தோரு பக்க உத்தரவு வந்தது ஆகஸ்டில். நோட்டீஸ் யார் கண்ணிலும் படவில்லை, அதனால் எங்கள் பக்கத்தைச் சொல்லவே வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் மனுப் போட்டால், பல வழக்குகளில் உத்தரவை நீக்கி மறுபடி விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அதைத்தான் நம்பியிருந்தார்.

"ஆனா பிப்ரவரி பதினாலாந்தேதி கம்பெனி பேர்ல ஒரு பதில் போயிருக்கு. 'ஆவணங்களைத் திரட்ட முப்பது நாள் அவகாசம் வேண்டும்.' ஒரே வரி. கம்பெனி போனுக்கு வந்த ஓடிபி போட்டுத்தான் அனுப்பியிருக்காங்க." என்னைப் பார்த்தார். "நோட்டீஸைப் பாக்காதவங்க அவகாசம் கேப்பாங்களா சார்?"

அந்தப் போன் இப்போது எங்கே என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றேன்.

வசந்தாமணி சொன்னாள். "சாமி சத்தியமா நான் பாக்கலீங்க மேடம்."

"தெரியுதுக்கா. நீங்க பாக்கலைங்கறதை நிரூபிக்கணும்னா, பாத்தவர் வந்து பாத்தேன்னு சொல்லணும்."

பிறகு வழியையும் சொன்னார். கம்பெனியை நடத்தியது நான், கையெழுத்துப் போட்டது நான், நோட்டீஸைப் பார்த்துப் பதில் அனுப்பியதும் நான், என் மனைவிக்குத் தெரிவிக்கவில்லை என்று ஒரு பிரமாணப் பத்திரம். அதை மனுவோடு வைத்தால் அவளுக்கு வழி இருக்கிறது. இல்லாவிட்டால் அவள் அப்பா அவள் பெயரில் கட்டிக்கொடுத்த இந்த வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவருவார்கள்.

நான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். வசந்தாமணி என் முகத்தைப் பார்த்தாள். கோபமாக இருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பாலைக் குடிக்காத குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

ஜூன் 30, திங்கள்

வீட்டை முடக்கும் நோட்டீஸைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். பசை நிறையப் போட்டிருந்தார்கள். வசந்தாமணி அதைக் கிழிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. சுற்றி வழிந்திருந்த பசையை மட்டும் ஈரத்துணியால் துடைத்தாள்.

ஜூலை 9, புதன்

சர்க்கரை 188. காலை: இட்லி மூன்று. நடந்தது: பஸ் நிலையத்திலிருந்து வக்கீல் ஆபீஸ் வரை.

அவளிடம் சொல்லாமல் தனியாகப் போனேன். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் எனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அதை நான் உங்களுக்குச் சொல்லக்கூடாது சார். நான் அக்காவோட வக்கீல்."

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதானுங்களே."

"இந்த வழக்குல ஒண்ணு கிடையாது. உங்களுக்குத் தனியா வக்கீல் வெச்சுக்கங்க. கட்டாயம் வெச்சுக்கங்க." குமாஸ்தாவைக் கூப்பிட்டு வேறு இரண்டு வக்கீல்களின் நம்பரை எழுதித் தரச் சொன்னார். கடுமையாகப் பேசவில்லை. வாசல் வரை வந்து, "தண்ணி குடிச்சுட்டுப் போங்க, வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்றார்.

முப்பத்தோரு வருடத்தில் நாங்கள் ஒன்றில்லை என்று ஒருவர் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை. வருத்தப்படவேண்டும் என்று தோன்றியது. வருத்தம் வரவில்லை. கரும்புச்சாறு குடிக்கலாமா என்று பார்த்துவிட்டு, சர்க்கரையை நினைத்து விட்டுவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்

அங்கன்வாடி மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். கோடிக்கணக்கில் வியாபாரம் செய்கிறவருக்கு எதற்கு இந்த வேலை என்று யாரோ மனுப் போட்டுவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"வீடு போனாப் போகுதுங்க. அந்தப் புள்ளைங்க மூஞ்சில எப்படிங்க முழிக்கறது?"

அப்போது எனக்கு அழுகை வந்தது. இதையாவது எழுதி வைக்கிறேன். வந்தது, ஆனால் வெளியே வரவில்லை. வாசலுக்குப் போய்ச் செருப்புகளை ஒழுங்காக அடுக்கினேன்.

ஜூலை 16, புதன்

வக்கீல் ஆபீசிலிருந்து பிரமாணப் பத்திரத்தைத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்கள். நான்கு பக்கம். வசந்தாமணி அதை டிவி மேசையில் வைத்து, மேலே பேனாவையும் வைத்தாள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் தேதி. பாயசம் வைத்தாள். எனக்கு அரை டம்ளர்.

ஜூலை 20, ஞாயிறு

சர்க்கரை 195. பத்திரம் மேசையில் இருக்கிறது. நியூஸ் பார்க்கும்போது கண் அங்கே போகிறது. கால் மரத்துப்போயிருந்ததால் எழுந்து போய் எடுக்கவில்லை. தனி வக்கீலுக்கும் போன் போடவில்லை. ஜெயில் எப்படி இருக்கும், மாத்திரை கொடுப்பார்களா என்று நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது. பயம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. வாய் காய்ந்தது.

ஜூலை 27, ஞாயிறு

பத்திரம் மேசையில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 31, வியாழன்

சர்க்கரை பார்க்கவில்லை.

சாயங்காலம் வசந்தாமணி வக்கீல் ஆபீசிலிருந்து நேராக வந்தாள். எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் மூன்று தாள்.

"மேடம் வேற வழியில்லைன்னுட்டாங்க. போலீஸ்ல புகார் குடுத்து, அந்த ரசீதை வெச்சுத்தான் கோர்ட்டுல மனுப் போடோணுமாம். உங்க மேலதானுங்க புகாரு." என் கையில் கொடுத்தாள். "நீங்க படிச்சுப் பாருங்க. தப்பா ஏதாச்சும் எழுதியிருந்தாச் சொல்லுங்க. இல்லாததைச் சொல்லி உங்களை மாட்டிவிட்டேன்னு இருக்கக்கூடாது."

தமிழில்தான் இருந்தது. 'என் கணவர் சென்னியப்பன்' என்று தொடங்கியது. படித்தேன். டீ ஆறிப்போய்விட்டது.

இரண்டாம் பத்தியில் குடோன் வாடகை ஒப்பந்தத்தின் தேதி தவறாக இருந்தது. ஒரு மாதம் வித்தியாசம். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. பேனா எடுத்துத் திருத்தினேன். அடுத்த பக்கத்தில், 'சில பில்களிலும் காசோலைகளிலும் என் கையெழுத்தை அவர் போட்டிருப்பதாக அறிகிறேன்' என்று இருந்தது. சில இல்லை. பில் நானூற்றுப் பன்னிரண்டு, செக் அறுபத்தேழு. ஓரத்தில் எழுதினேன். 'நோட்டீஸுக்குப் பதில் அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியாது' என்ற வரிக்குக் கீழே, பிப்ரவரி பதினான்காம் தேதி காலை ஒன்பதேகாலுக்கு, பிரப் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து அவர் அனுப்பினார், ஓடிபி வந்த போன் அவரிடம் இருந்தது, சிம்மை ஜூன் 7 அன்று வாய்க்காலில் போட்டார் என்று எழுதினேன். அவர் என்றுதான் எழுதினேன். புகார் அவளுடையது அல்லவா.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'என் கையெழுத்தை அவர் போட்டுப் பழகியதை நான் ஒருமுறை பார்த்தேன். தெரிந்தும் கேட்கவில்லை.'

"இது எதுக்கு?" என்றேன். "இதை வெச்சா உன்னையும் கேப்பாங்க."

"மேடமும் வேண்டாம்னாங்க. நான்தான் எழுதச் சொன்னேன்."

"எப்பப் பாத்தே?"

"புதுக் கம்பெனி ஆரம்பிச்ச வாரம். காலண்டர் தாள் பின்னால வரிசையா எழுதிட்டிருந்தீங்க. நான் காப்பி கொண்டாந்து வெச்சேன். நீங்க நிமிந்து பாக்கலை."

எட்டு வருடமாக அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் நான் தூங்கியிருக்கிறேன். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த வரியை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனேன். அவள் தாளின்மேல் கையை வைத்துவிட்டாள்.

"அதை அடிக்காதீங்க. மத்ததெல்லாம் திருத்துனீங்கல்ல, அது போதும்."

தாள்களை வாங்கி, நான் எழுதியதை ஒவ்வொன்றாகப் படித்தாள். வாய்க்கால் என்ற இடத்தில் நின்றாள். கீரை வாங்கி வந்த அன்றா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"எத்தனை மணிக்குப் போகோணும்?" என்று கேட்டேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. எஸ்பி ஆபீசுக்கு. மேடம் சென்னைக்குப் போறாங்களாம். ஆட்டோ சொல்லோணும்."

"ஆட்டோ எதுக்கு? நானே கொண்டாந்து விடறேன்."

சரி என்றாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சர்க்கரை 174. காலை: இட்லி இரண்டு. ஆடி வெள்ளி என்று தலைக்குக் குளித்திருந்தாள். இரவே வக்கீல் ஆபீஸ் போய் என் திருத்தங்களையும் சேர்த்துப் புதிதாக அச்செடுத்து வந்துவிட்டிருந்தாள். வண்டியில் கிளம்பினோம். சவிதா சிக்னலில் நின்றபோது, "மெதுவாப் போங்க, நேரம் இருக்கு" என்றாள்.

எஸ்பி அலுவலக வாசலில் இறங்கியதும் சேலையைச் சரிசெய்துகொண்டு, தாள்கள் இருந்த கவரை நெஞ்சோடு பிடித்தபடி உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். வீட்டுக்குப் போயிருக்கலாம். போகத் தோன்றவில்லை.

அரை மணி நேரம் நின்றேன். கால் மரத்துவிட்டது. காவலுக்கு இருந்த போலீஸ்காரர் பெஞ்சிலிருந்து கூப்பிட்டார்.

"பெரியவரே, ரொம்ப நேரமா நிக்கறீங்க. என்ன விஷயம்?"

"வீட்டுக்காரி உள்ள போயிருக்கறாங்க. புகார் குடுக்க."

"என்ன, ஏமாத்திட்டாங்களா? சீட்டுப் பணமா?"

"வரிங்க. அவ பேர்ல கள்ளப் பில்லுப் போட்டு, அவ கையெழுத்தையும் போட்டு, ஒரு கோடி ரூவா வரியை அவ தலையில கட்டிட்டாங்க."

"அடப்பாவமே! யாரு? தெரிஞ்ச ஆளா?"

உள்ளே கண்ணாடிக் கதவு வழியாக அவள் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எதிரில் இருந்த பெண் போலீஸ் ஏதோ கேட்க, அவள் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான்தானுங்க," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு லத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்க. கூப்புடுவாங்க."

உட்கார்ந்தேன்.